எதுக்கும் சொல்லி வைப்போம்

2018 மே மாதம். கொல்லிமலையில் பலா பழுக்கும் காலம். அரியூர் நாட்டில் அப்போது செல்பேசிக்குச் சிக்னல் கிடைப்பது அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில இடங்களில்தான். எங்கள் ஊருக்கு அது மிளகுக்கொடி ஏறிய ஒரு சில்வர் ஓக் மரத்தடி. சாயங்காலம் காட்டு வேலை முடிந்து திரும்புகிறவர்கள் அந்த மரத்தடியில் கொஞ்ச நேரம் நின்று, அன்றைக்கு வந்து குவிந்ததையெல்லாம் இறக்கிக்கொண்டு வீட்டுக்குப் போவார்கள். அப்படி இறங்கியதுதான் அந்தக் குரல். மூச்சு வாங்கப் பேசும் ஒரு ஆண் குரல், நம்மூர்த் தமிழ். வடநாட்டிலிருந்து பிள்ளை பிடிக்கிறவர்கள் கூட்டம் கூட்டமாக இறங்கியிருக்கிறார்கள், போர்வை விற்பது போல வருவார்கள், பிச்சைக்காரர் போல வருவார்கள், பக்கத்து ஊரில் இரண்டு பிள்ளைகள் போய்விட்டன என்றது. எந்தப் பக்கத்து ஊர் என்று அது சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை.

எங்கள் குழுவில் அதை முதலில் போட்டது யார் என்று இன்றைக்குச் சொல்ல முடியாது. நானும் அனுப்பினேன். மலைக்குள் மூன்று குழுக்களுக்கு. ராசிபுரத்திலும் நாமக்கல்லிலும் இருக்கிற சொந்தக்காரர்களுக்கு. திருப்பூரில் பனியன் கம்பெனியில் இருக்கிற தங்கச்சிக்கு. அனுப்பியவர்கள் எல்லோரும் கூடவே ஒரு வரி எழுதினோம். யாரும் யாரையும் பார்த்து எழுதவில்லை, ஆனாலும் ஒரே வரி: "உண்மையா பொய்யான்னு தெரியல, எதுக்கும் சொல்லி வைப்போம்."

அந்த 'எதுக்கும்' என்ற சொல்லை நம்பி நாங்கள் என்னென்ன செய்தோம், என்னென்ன செய்யாமல் விட்டோம் என்பதை எழுதத்தான் இத்தனை வருடம் கழித்து உட்கார்ந்திருக்கிறேன். நான் என்று எழுதும் இடத்திலும் நாங்கள் என்றே வாசிக்க வேண்டும். ஊரில் சிலருக்குப் படித்துக் காட்டினேன். ஒருவரும் மறுக்கவில்லை.

குரல் வந்த நாலாம் நாள் ஒரு பையன் வந்தான். இருபது, இருபத்திரண்டு வயது இருக்கும். தோளில் போர்வைக் கட்டு, கையில் கொசுவலைகள். வருடா வருடம் இப்படி யாராவது வருவதுண்டு. எங்கள் வீடுகளில் இருக்கிற போர்வையில் பாதி அவர்களிடம் தவணைக்கு வாங்கியதுதான். அன்றைக்கு அவனை மாரியம்மன் கோயில் மந்தையில் உட்கார வைத்தோம். கட்டைப் பிரித்துக் கொட்டினோம். எதற்கு இத்தனை போர்வை? ஏன் வேர்க்கிறது? ஏன் முழிக்கிறாய்? போனில் யாரோடு பேசினாய்? பிஸ்கட் பாக்கெட் எதற்கு? அவனுக்குத் தமிழ் பத்துச் சொல் தெரியும். அந்தப் பத்தும் விலை சொல்லும் சொற்கள். ஆதார் அட்டையை எடுத்து நீட்டினான். அது கைமாறிக் கைமாறிச் சுற்றியது. இரண்டரை மணி நேரம் கழித்து ஊர்க்கவுண்டர் சொன்னதன் பேரில் அவனைக் கடைசி பஸ்ஸில் ஏற்றிக் கீழே அனுப்பினோம். ஒரு அடிகூட விழவில்லை என்று அன்றிரவு நாங்கள் பெருமைப்பட்டுக்கொண்டோம். அதுதான் இப்போது நினைத்தால் உடம்பு கூசுகிறது.

ஏனென்றால் அடுத்த சில நாட்களில், மே 9-ஆம் தேதி, திருவண்ணாமலை மாவட்டம் போளூர் பக்கம் அத்திமூரில் என்ன நடந்தது என்று நாடே கேட்டது. குலதெய்வக் கோயிலுக்குக் காரில் வந்த ஒரு குடும்பம். ஐந்து பேர். சிலர் மலேசியாவிலிருந்து வந்தவர்கள். வழி கேட்க வண்டியை நிறுத்தினார்கள். 65 வயது அம்மா ஒருவர் அங்கே விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். பிள்ளை பிடிக்கிறவர்கள் என்று கூச்சல் எழுந்தது. அந்த அம்மாவை அடித்தே கொன்றார்கள். மற்ற நாலு பேரும் படுகாயம் அடைந்தார்கள். அதே நாட்களில் பழவேற்காட்டில் வீடற்ற ஒரு மனிதரைக் கொன்று பாலத்தில் தொங்கவிட்டார்கள். அத்திமூர் ஜவ்வாது மலையின் அடிவாரம். அந்த மலையிலும் எங்களைப் போல மலையாளிப் பழங்குடிகள்தான். அங்கே ஓடிய குரலும் எங்கள் மரத்தடியில் இறங்கிய குரலும் ஒரே வகை. அத்திமூரில் கல்லெடுத்தவர்கள் எங்களைவிடக் கெட்டவர்கள் என்று நினைக்க எனக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை. எங்கள் ஊரில் அன்றைக்கு ஊர்க்கவுண்டர் இருந்தார், கடைசி பஸ் இருந்தது. வேறு வித்தியாசம் தெரியவில்லை.

எப்படி நம்பினோம்?

அப்போது ஒரு வீடியோவும் கூடவே வந்துகொண்டிருந்தது. மோட்டார் சைக்கிளில் வரும் இருவர், தெருவில் விளையாடும் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பறப்பார்கள். கண்ணால் பார்த்தோம், பிறகென்ன? அது பாகிஸ்தானின் கராச்சியில், பிள்ளைகள் காணாமல் போவது பற்றிப் பெற்றோரை எச்சரிக்க ஒரு அமைப்பு எடுத்த விழிப்புணர்வுப் படம். கடைசியில் அந்த இருவரும் திரும்பி வந்து பிள்ளையை இறக்கிவிட்டு ஒரு அட்டையைப் பிடித்துக் காட்டுவார்கள். அந்தக் கடைசிப் பகுதியை யாரோ வெட்டிவிட்டிருந்தார்கள். ஒன்றைப் பார்த்தவுடன் மனதில் படம் எழுந்துவிட்டால் அது அடிக்கடி நடப்பது போலத் தோன்றும். இந்த மனக்கோணலை ஆமோஸ் ட்வெர்ஸ்கியும் டேனியல் கானமனும் 1973-இலேயே எழுதிவிட்டார்கள். எளிதாக நினைவுக்கு வருவதை நாம் அதிகமாக நடப்பதாக எண்ணிக்கொள்கிறோம். மலையில் வருடா வருடம் சாகிறவர்கள் பாம்புக்கடியிலும் பிரசவத்திலும் கொண்டை ஊசி வளைவிலும் சாகிறார்கள். அதற்கெல்லாம் எங்கள் செல்பேசியில் ஒரு வீடியோவும் இல்லை. ஆகவே பயமும் இல்லை.

இன்னொன்று, திரும்பத் திரும்பக் கேட்டது. அதே குரலை நான் ஐந்தாறு இடத்திலிருந்து வாங்கினேன். மச்சான் அனுப்பினார், பால் சொசைட்டிக்காரர் அனுப்பினார், பள்ளிக்கூடக் குழுவில் வந்தது. ஒரே வாய் பேசியதை ஆறு சாட்சியாகக் கணக்கு வைத்தேன். 1977-இல் லின் ஹாஷரும் டேவிட் கோல்ட்ஸ்டைனும் தாமஸ் டோப்பினோவும் மாணவர்களிடம் ஒரு சோதனை செய்தார்கள். இரண்டு வார இடைவெளியில் மூன்று முறை 60 வாக்கியங்களைக் கொடுத்து, எது உண்மையாக இருக்கும் என்று மதிப்பிடச் சொன்னார்கள். சில வாக்கியங்களை மட்டும் ஒவ்வொரு முறையும் திரும்பக் கொடுத்தார்கள். பொய்யோ மெய்யோ, திரும்ப வந்தவை மேலும் மேலும் உண்மையாகத் தெரிந்தன. பழகிய குரல், பழகிய முகம், பழகிய சேதி. காது ஒத்துக்கொண்டால் புத்தி எதிர்த்து நிற்பதில்லை. எங்கள் கிழவிகள் இதைச் சோதனை இல்லாமலே அறிவார்கள். பேய்க்கதையை ஏழு ராத்திரி சொன்னால் எட்டாம் ராத்திரி பிள்ளை தானே பேயைப் பார்க்கும் என்பார்கள்.

ஆனால் எனக்கு அதிகம் உறைத்தது மூன்றாவது. பீட்டர் வாசன் என்ற இங்கிலாந்து உளவியலாளர் 1960-இல் செய்த சோதனை அது. 2, 4, 6 என்று மூன்று எண்களைக் கொடுத்து, இவை ஒரு விதிப்படி வருகின்றன, அதைக் கண்டுபிடியுங்கள், நீங்களும் மூன்று மூன்றாக எண்களைச் சொல்லுங்கள், விதிக்குப் பொருந்துகிறதா இல்லையா என்று சொல்கிறேன் என்றார். இரண்டிரண்டாகக் கூடுகிறது என்று முடிவு கட்டியவர்கள் 8, 10, 12 என்றார்கள். பொருந்துகிறது. 20, 22, 24. பொருந்துகிறது. நம்பிக்கையோடு விதியைச் சொன்னார்கள். தவறு. விதி அவ்வளவு சின்னது: ஏறுவரிசையில் எந்த மூன்று எண்ணும் பொருந்தும். 1, 7, 50 என்று ஒரு முறை கேட்டிருந்தால் தெரிந்திருக்கும். தங்கள் எண்ணத்தை உடைக்கக்கூடிய கேள்வியைப் பலரும் கேட்கவில்லை.

மந்தையில் அந்தப் பையனிடம் நாங்கள் கேட்டதெல்லாம் 8, 10, 12 தான். ஏன் வேர்க்கிறது? நாற்பது பேர் சூழ்ந்து நின்றால் யாருக்கும் வேர்க்கும். ஏன் முழிக்கிறாய்? பாஷை தெரியாதவன் முழிக்காமல் என்ன செய்வான்? எங்கள் சந்தேகத்தை உடைக்கக்கூடிய கேள்வி ஒன்றே ஒன்றுதான் இருந்தது, அதற்கு அந்தப் பையனே தேவையில்லை: எந்த ஊரில், எந்த வீட்டுப் பிள்ளையைக் காணோம்? செம்மேட்டுக்கு ஒரு போன். சோளக்காட்டுச் சந்தைக்கு வருகிறவர்களிடம் ஒரு விசாரிப்பு. கொல்லிமலை மொத்தமும் சேர்ந்தால் ஏறக்குறைய நாற்பதாயிரம் பேர். பதினாலு நாட்டிலும் ஒருவருக்கொருவர் பெண் கொடுத்துப் பெண் எடுத்த சனம். ஒரு பிள்ளை காணாமல் போயிருந்தால் சாயங்காலத்துக்குள் எல்லோருக்கும் தெரிந்திருக்கும். அந்தக் கேள்வியை நாங்கள் ஒருவரும் கேட்கவில்லை.

அயலாரைக் கண்டு பயப்படுவதற்கு எங்களுக்குக் காரணமே இல்லை என்று சொல்ல மாட்டேன். கடன் கொடுத்து நிலத்தை எழுதி வாங்கியவர்கள் கீழ்நாட்டிலிருந்துதான் வந்தார்கள். எங்கள் மலையின் பாக்சைட் லாரி லாரியாக மேட்டூருக்குப் போனதைப் பார்த்துக்கொண்டு நின்றிருக்கிறோம். எங்கள் மலையின் மிகப் பழைய கதையே கொல்லிப்பாவை, வெளியிலிருந்து வருகிற பகைவரைச் சிரித்து மயக்கிக் கொன்று மலையைக் காப்பவள். அந்தக் கதையைக் கேட்டு வளர்ந்த பிள்ளைகள் நாங்கள். ஆனால் நிலத்தை எடுத்தவன் போர்வை சுமந்து வரவில்லை. அவன் பத்திரத்தோடு வந்தான், உட்கார வைத்து மோர் கொடுத்தோம்.

அதே 2018 மார்ச்சில் அமெரிக்காவின் எம்.ஐ.டி. ஆய்வாளர்கள் ஒரு பெரிய ஆய்வை வெளியிட்டிருந்தார்கள். 2006 முதல் 2017 வரை ட்விட்டரில் பரவிய ஏறக்குறைய 1,26,000 சேதிகளைப் பின்தொடர்ந்து பார்த்ததில், பொய்ச் சேதி பகிரப்படும் வாய்ப்பு மெய்யைவிட 70 சதவீதம் கூடுதல். 1,500 பேரைச் சென்றடைய மெய்க்கு ஆறு மடங்கு நேரம் ஆனது. இதைச் செய்தது எந்திரங்கள் அல்ல, மனிதர்கள்தான் என்று அவர்கள் எழுதினார்கள். பொய் புதிதாக இருக்கிறது, அதனால் ஓடுகிறது என்பது அவர்கள் விளக்கம். எங்கள் மரத்தடியில் வேறொன்றையும் பார்த்தேன். அந்தக் குரலை அனுப்பிய எவரும் கெட்ட எண்ணத்தில் அனுப்பவில்லை. பாசத்தில் அனுப்பினோம். தங்கச்சிக்கு இரண்டு சின்னப் பிள்ளைகள், அதனால் அனுப்பினேன். அனுப்பியதும் நெஞ்சில் ஒரு நிம்மதி வந்தது, ஒரு கடமையைச் செய்துவிட்டது போல. பிறர் பிள்ளைகளைக் காப்பாற்றிய நிறைவு, விரலை ஒரு முறை அழுத்திய கூலிக்குக் கிடைத்தது. நடந்துபோய்க் கேட்க வேண்டிய வீடுகள் எங்கள் ஊரிலேயே இருந்தன. அங்கே போகும் அக்கறையை இந்த நிம்மதி தின்றுவிட்டது.

அது தெரிய ஒரு வருடம் ஆயிற்று. 2019 ஏப்ரலில் இன்னொரு குரல் வந்தது. இந்த முறை பெண் குரல். ராசிபுரத்தைச் சேர்ந்த, விருப்ப ஓய்வு பெற்ற அரசு செவிலியர் ஒருவர், பிள்ளை வேண்டும் என்று கேட்டவரோடு தொலைபேசியில் பேசிய பதிவு. பெண் பிள்ளைக்கு ஒரு விலை, ஆணுக்கு ஒரு விலை, நிறத்துக்கும் எடைக்கும் தக்கபடி விலை. பிறப்புச் சான்றிதழும் வாங்கித் தரலாம், அதற்குத் தனியாக 70,000 ரூபாய். முப்பது வருடமாக இதைச் செய்கிறேன் என்றது அந்தக் குரல்.

எங்கள் குழுவில் இதற்கு இரண்டு பதில் வந்தன. பாதிப் பேர், "போன வருஷம் மாதிரி இதுவும் கட்டுக்கதை" என்று தள்ளினார்கள். மீதிப் பேர், "பாத்தீங்களா, அப்பவே சொன்னோமே பிள்ளை பிடிக்கிறாங்கன்னு" என்றார்கள். நான் இரண்டாவது கூட்டத்தில் இருந்தேன். எங்கள் தவறைக் காட்டிய சாட்சியையே எங்கள் பக்கச் சாட்சியாக எடுத்துக்கொண்டோம். அந்தப் பதிவில் வடநாட்டான் இல்லை, போர்வை இல்லை, சாக்லேட் இல்லை.

சில நாட்களுக்குள் அந்தச் செவிலியரும் அவர் கணவரும் கைதானார்கள். அடுத்து கைதானவர்களில் ஒருவர் எங்கள் மலையில் அரசு ஆரம்ப சுகாதார நிலையம் ஒன்றின் ஆம்புலன்ஸ் ஓட்டுநர். வேறு சில செவிலியர்களும் இடைத்தரகர்களும் பிடிபட்டார்கள். ஏப்ரல் முடிவதற்குள் வழக்கு சி.பி.சி.ஐ.டி.க்குப் போனது. ஏழைத் தாய்மாரிடம் பிள்ளைகளை வாங்கி விற்றார்கள் என்பது வழக்கு. அந்த ஏழைத் தாய்மாரில் கொல்லிமலைப் பெண்களும் உண்டு என்று செய்தி வந்தது. சுகாதாரத் துறையினர் பிறப்புப் பதிவேட்டைத் தூக்கிக்கொண்டு மலையில் வீடு வீடாக ஏறி இறங்கினார்கள். இந்தத் தேதியில் பிறந்த பிள்ளை எங்கே, காட்டுங்கள் என்று கேட்டார்கள். ஒரு வருடத்துக்கு முன் நாங்கள் கேட்டிருக்க வேண்டிய கேள்வியை அவர்கள்தான் கேட்டார்கள்.

ஒரு வீட்டைப் பற்றிச் சொல்ல வேண்டும். எந்த ஊர், எந்த வருடம் என்று சொல்ல மாட்டேன். ஏற்கெனவே மூன்று பிள்ளைகள், குடிக்கிற புருஷன், மரவள்ளிக் காட்டில் கூலி. நாலாவது பிரசவத்துக்குக் கீழே போனாள். ஒரு வாரத்தில் திரும்பி வந்தாள். வீட்டில் தூளி கட்டவில்லை. "பிள்ளை தங்கல" என்றார்கள். அந்த வழியாகத்தான் நாங்கள் தினமும் போவோம், வருவோம். எங்கே புதைத்தீர்கள் என்று கேட்கவில்லை. அவள் நெஞ்சில் பால் கட்டியிருந்ததா என்று எந்தப் பெண்ணும் போய்ப் பார்க்கவில்லை. அடுத்த மாதம் அவள் காட்டு வேலைக்கு வந்தபோது இடம் கொடுத்து நடந்தோம், அவ்வளவுதான். அந்தப் பிள்ளை உண்மையிலேயே இறந்திருக்கலாம். இன்றும் நான் அதற்கு மாறாக எதுவும் சொல்லவில்லை. யாரோ ஒருவன் தோளில் இருந்த போர்வையைப் பார்த்ததும் நாற்பது பேர் கூடி இரண்டரை மணி நேரம் கேள்வி கேட்ட ஊர், கட்டாத தூளியைப் பார்த்து ஒரு கேள்வியும் கேட்கவில்லை என்பதைத்தான் சொல்கிறேன்.

பிள்ளை பிடிக்கிறவன் எப்படி இருப்பான் என்று எங்கள் மனதில் ஒரு உருவம் இருந்தது. அழுக்கு உடை, தெரியாத பாஷை, சாக்கு மூட்டை. வெள்ளை உடை அந்த உருவத்தில் இல்லை. எழுபது கொண்டை ஊசி வளைவிலும் வலியோடு துடிக்கும் பெண்ணைக் கூட்டிப் போகும் வண்டி அதில் இல்லை. அந்த வண்டியை ஓட்டுகிறவரை "அண்ணே" என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம். நல்லவர் என்று ஒருவரை முடிவு கட்டிய பின் அவர் செய்வது எதையும் நாம் பார்ப்பதில்லை. பிள்ளையை விற்கும் நிலைக்கு வந்த தாயும் எங்கள் கண்ணில் படவில்லை, அவளும் நம்மவள்தான் என்பதால். அவளுக்கு வேறு வழி இருந்தது. வளர்க்க முடியாத பிள்ளையை அரசிடம் ஒப்படைக்கும் தொட்டில் குழந்தைத் திட்டம் 1992-இல் தொடங்கியதே இந்தச் சேலம் மாவட்டத்தில்தான். எங்கள் நாமக்கல் மாவட்டம் அப்போது சேலத்தோடு இருந்தது. குழந்தைகள் நலக்குழு இருக்கிறது, 1098 என்ற எண் இருக்கிறது. பிள்ளையில்லாதவர்கள் சட்டப்படி பதிந்து தத்தெடுக்கும் வழி இருக்கிறது. இவற்றில் ஒன்றையாவது எங்கள் குழுவில் யாராவது, 'எதுக்கும்' என்று சொல்லியாவது, ஒரு முறை போட்டோமா? பின்னோக்கித் தேடிப் பார்த்தேன். குலதெய்வப் படங்கள், பிறந்தநாள் வாழ்த்துகள், பிள்ளை பிடிப்போர் குரல் பதினேழு முறை. 1098 ஒரு முறைகூட இல்லை.

அதோடு புத்தி வந்துவிட்டது என்று எழுத ஆசைதான். வரவில்லை. 2019-க்குப் பிறகு ஆம்புலன்ஸே வேண்டாம், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள் என்று சில பாட்டிகள் மருமகளை வீட்டிலேயே வைத்துக்கொள்ளப் பார்த்தார்கள். ஒரு ஓட்டுநரிடமிருந்து எல்லா ஓட்டுநருக்கும் பயம் தாவியது. 2021-இல் நடிகர் விவேக் ஏப்ரல் 15 அன்று கொரோனா தடுப்பூசி போட்டுக்கொண்டு 17 அன்று மாரடைப்பில் இறந்தார். ஊசிதான் கொன்றது என்று அன்றைக்கே குரல் ஓடியது. காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்ததென்று மற்றவர்களுக்குச் சொல்லத் தெரிந்த நாங்கள், முகாமுக்கு ஆட்கள் வந்த நாளில் காட்டுக்குள் போய் உட்கார்ந்துகொண்டோம். ஊசிக்கும் அந்த மரணத்துக்கும் தொடர்பில்லை என்று அரசின் நிபுணர் குழு பிறகு சொன்னது. அந்தச் சேதியை எங்கள் குழுவில் யாரும் போடவில்லை. 2023 மார்ச்சில், பீகார் தொழிலாளிகளைத் தமிழர்கள் வெட்டுகிறார்கள் என்று பொய் வீடியோக்கள் வடக்கே ஓடியபோது எங்களுக்கு ஆத்திரம் வந்தது. நம்மைப் பற்றி எப்படி இப்படி நம்புகிறார்கள் என்று கொதித்தோம். போர்வைக்காரப் பையனின் அம்மாவும் அதைப் பார்த்திருப்பாள். அவன் எங்கள் மந்தையில் உட்கார்ந்த கதையை வீட்டில் சொல்லியிருந்தால், அவள் அதை நம்பியதில் தவறென்ன?

2024 தொடக்கத்தில் பிள்ளை பிடிக்கும் சேதி மறுபடியும் தமிழ்நாடெங்கும் கிளம்பியது. எங்களுக்கும் வந்தது. இப்போது ஊரில் பல இடங்களில் சிக்னல் கிடைக்கிறது, மரத்தடிக்குப் போக வேண்டியதில்லை. நான் குழுவில், "எந்த ஊர்ப் பிள்ளை? பேர் என்ன? யார் வீடு?" என்று மட்டும் எழுதினேன். இரண்டு பேர் கோபப்பட்டார்கள். "உன் பிள்ளைன்னா இப்படிக் கேப்பியா?" என்றார் என் பெரியம்மா மகன். பதில் சொல்லாமல், அன்று சாயங்காலம் புதிதாகப் பிரசவமாகி வந்த ஒரு வீட்டுக்கு நடந்தேன். போய் என்ன கேட்பது என்று தெரியவில்லை. இத்தனை வருடம் கேட்டுப் பழக்கமில்லையே. திண்ணையில் உட்கார்ந்தேன். உள்ளே தூளி ஆடும் சத்தம் கேட்டது. கேழ்வரகு மாவும் கொஞ்சம் கருப்பட்டியும் கொடுத்துவிட்டு வந்தேன்.

அந்தப் பழைய குரலின் சொற்கள் இன்னும் எனக்கு அப்படியே நினைவிருக்கின்றன, எந்த இடத்தில் அது மூச்சு வாங்கும் என்பதுகூட. பையனின் ஆதார் அட்டை அன்றைக்கு என் கையிலும் வந்தது. அதில் ஆங்கிலத்திலும் இந்தியிலும் பெயர் இருந்தது. ஆங்கிலத்தை நான் எழுத்துக்கூட்டிச் சத்தமாகப் படித்தேன். ஊரில் எல்லோரிடமும் கேட்டுப் பார்த்துவிட்டேன். அந்தப் பெயர் ஒருவருக்கும் நினைவில்லை.